தொடாதே என்று எழுதியவனுக்கு

அன்பு மச்சான் செல்வராஜ்,

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோதே உன் மனைவி ராஜேஸ் கேட்டுக்கொண்டாள். "அண்ணே, நிரோஷாவுக்கு வேல கெடைக்கிற வரைக்கும் ஒண்ணும் பேசாதீங்க. எங்களுக்காக." நான் பேசவில்லை. இப்போது உன் மகளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்துவிட்டது. எங்கே தெரியுமா? நம் பள்ளிக்கூடத்திலேயே. நீ நின்று படிப்பித்த அதே ஆய்வுகூடம், அதே இரசாயனவியல்.

சந்தோஷச் செய்திதான். ஆனால் எனக்குச் சந்தோஷப்படவும் தெம்பில்லை. டயகம பக்கம் ஒரு வாரமாக மழை விடவில்லை. முட்டி வலிக்கிறது. பென்சன் வாங்கும் வயது நெருங்குகிறது, நெஞ்சில் இருப்பது மட்டும் இறங்கவில்லை.

அலுமாரியில் இன்னொரு போத்தல் இருந்தது மச்சான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

இதை வேறு ஆட்களும் படிப்பார்கள் என்பதால் பழையதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியை மூடியபோது, அங்கே இருந்த கண்ணாடி அலுமாரியை மருந்துகளோடு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார் தோட்ட நிர்வாகியான பெரிய துரை. துரை கொடுத்தது என்றால் நம் ஆட்களுக்கு வேறென்ன வேண்டும்? தப்படித்து, மாலை போட்டு லொறியிலிருந்து இறக்கினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் அதற்குச் சந்தனப் பொட்டு, சாம்பிராணி. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தவன் நீ ஒருவன்தான்.

மேல் தட்டில் மஞ்சளாக ஒரு போத்தல். பிக்ரிக் அமிலம். தீக்காயத்துக்குப் பூசுவதற்காக ஒரு காலத்தில் டிஸ்பென்சரிகளில் வைத்திருந்தது. தண்ணீருக்குள் ஈரமாக இருக்கும்வரை அது சாது என்று நீதான் எனக்குச் சொன்னாய். காய்ந்து பளிங்கானால் ஓர் உரசல் போதும், ஒரு தட்டல் போதும். உலோகத்தோடு சேர்ந்தால் உண்டாகும் உப்பு அதைவிட முன்கோபி. நம் போத்தலுக்கு இருந்ததோ தகர மூடி.

உன்னிடம் நான் கேட்டது இரசாயனம். என்னிடம் நீ கேட்டது சரித்திரம். ஆசிரியர் அறையில் பிளேன்டியை ஆறவிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்போமே, நினைவிருக்கிறதா? ஏறக்குறைய நூறு வருடம் உலகம் அதைப் பட்டுக்குச் சாயமேற்றத்தான் வைத்திருந்தது என்றேன். பிறகு பிரெஞ்சுக்காரன் அதை ஷெல்லுக்குள் நிரப்பினான். பிரித்தானியன், பரீட்சித்துப் பார்த்த கடற்கரை ஊரின் பெயரையே அதற்கு வைத்து, தென்னாபிரிக்காவில் ஒல்லாந்த வழிவந்த போயர்கள் மேல் பொழிந்தான். அந்தப் போயர்களைக் கைதிகளாகப் பிடித்துக் கப்பலேற்றி, இதோ நம் தியத்தலாவையில் கொண்டுவந்து அடைத்தான். யப்பான்காரன் ருசியக் கப்பல்கள் மேல் அடித்தான். ஷெல்லின் உட்சுவரில் பட்டுவிடக் கூடாதென்று எல்லோரும் வார்னிஷ் பூச வேண்டியிருந்தது. முதலாம் உலகப் போரில் அதை நிரப்பிய தொழிற்சாலைப் பெண்களின் கையும் முகமும் மஞ்சளாகிப் போயின. கடைசியில் உலோகத்தோடு சண்டை பிடிக்காத டி.என்.டி. வந்து அதை ஓரங்கட்டியது.

"பொம்பளைங்க கைய மஞ்சளாக்கிட்டு, நாட்டப் பிடிச்சுக் குடுத்துட்டு, கடைசியில டிஸ்பென்சரியில வந்து குந்திருச்சு. நம்மாளுதான் மச்சான் அது" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பள்ளிக்கூட அதிபரிடம் நீ சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"சேர், அது காஞ்சி போச்சு. ஆளுங்கள வரவழைச்சு எடுக்கணும்."

"தொரை குடுத்த சாமான். வீசச் சொல்றீங்களா செல்வராஜ்?"

"வீசவும் கூடாது சேர். அதான் வில்லங்கம்."

"யுத்த நேரத்துல பொலிசக் கூப்பிட்டு வெடிமருந்து இருக்குன்னு சொல்லவா? எனக்குப் பைத்தியமா?"

அவர் கூப்பிடவில்லை. அலுமாரி இருந்த அறையை நீ பூட்டினாய். கதவில் ஒரு பலகை மாட்டினாய். "தொடாதே. காய்ந்தால் வெடிக்கும்." வாத்தியார் புத்தி, எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போடாமல் விட முடியுமா? க. செல்வராஜ் என்று முழுதாகப் போட்டாய்.

ரயில் பாதைப் பக்கம் ஏதோ நடந்தது என்று பள்ளிக்கூடங்களைச் சோதனை போடப் பொலிசார் வந்தார்கள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். அதிபர் மொழிபெயர்த்தார். "வெடிக்கும்" என்பதைச் சொன்னார், கீழே இருந்த உன் பெயரைச் சொன்னார். "தொடாதே" என்பதை விட்டுவிட்டார். நான் என் உடைந்த சிங்களத்தில் குறுக்கே புகுந்து சொன்னேன். "மாஸ்டரும் கூட வர்றீங்களா?" என்று கேட்டு என்னைத் தள்ளிவிட்டார்கள். அலுமாரி யாருடையது என்று கேட்டதற்கு அதிபர், "அதெல்லாம் கெமிஸ்ட்ரி மாஸ்டருக்குத்தான் தெரியும்" என்றார். மாலை போட்டு அதை வாங்கியவர் அவர்.

அந்தப் போத்தலை ஒரு கான்ஸ்டபிள் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு, நம் ரோட்டுப் பள்ளங்களில் ஜீப்பில் போனான். நீ விலங்கோடு எதிரில் உட்கார்ந்து, "மெதுவா போகச் சொல்லுங்க" என்று கெஞ்சிக்கொண்டே போனாயாம். அது வெடிக்கவில்லை. வெடிக்காததால் நீ சொன்னது பொய். வெடிக்கும் என்று தெரிந்திருந்ததால் நீ பயங்கரவாதி. இரண்டும் ஒரே விசாரணையில் எப்படி உண்மையாகும் என்று நீ என்னைக் கேட்டாய்.

குற்றச்சாட்டு ஒன்றுமில்லாமல் உன்னை விட்டபோது உன் விரல்கள் சோக்குக் கட்டியைப் பிடிக்கும் நிலையில் இல்லை. தலவாக்கலையில் டியூஷன் போர்டு போட்டாய், பிள்ளைகள் வரவில்லை. ஹட்டன் கடைத்தெருவில் உனக்கு வைத்த பெயர் குண்டு மாஸ்டர். அந்தப் பெயரோடுதான் போனாய்.

இனி இப்போதைய கதை. புதிய ஆய்வுகூடம் கட்டியாயிற்று. பழையதைக் காலி பண்ண ஆட்கள் வந்து துரையின் அலுமாரியை அசைத்தார்கள். அடித்தட்டில், பஞ்சுச் சுருள்களுக்குப் பின்னால், சின்னப் போத்தல் ஒன்று. தகர மூடியைச் சுற்றி மஞ்சள் பொருக்கு. நிரோஷா பார்த்துவிட்டாள்.

"அலுமாரிய அப்படியே விடுங்க. எல்லாரும் வெளிய போங்க."

"என்னா டீச்சர், பாம்பா?"

"பாம்புன்னா நானே அடிச்சிருவேண்ணே. போங்க."

இப்போதுள்ள அதிபர் சின்ன வயதுக்காரர். அவள் சொன்னதும் போன் எடுத்தார். குண்டு அகற்றும் பிரிவு வந்தது. மணல் மூட்டை அடுக்கி, பிள்ளைகளைக் கோயில் பக்கம் அனுப்பிவிட்டு, மைதானத்து ஓரத்தில் வைத்து வெடிக்கவைத்தார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. எதிர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், திரும்பக் குனிந்துகொண்டார்கள். அந்த அதிகாரி, சிங்களப் பையன், தொப்பியைக் கழற்றிவிட்டு அவளிடம் வந்தான். "மிஸ் தொடாம சொன்னது ரொம்ப நல்லது. தொட்டா இன்னைக்கி எல்லாம் முடிஞ்சி" என்றான்.

நீ சொன்னதும் அதுதானே மச்சான்?

புதிய ஆய்வுகூடத் திறப்பு விழாவில் நிரோஷாவுக்குப் பொன்னாடை போட்டார்கள். போட்டது யார் என்கிறாய்? நம் பழைய அதிபர். கட்டிடத்துக்கே அவர் பெயர்தான். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்த அலுமாரி விஷயத்தில் நான் அந்தக் காலத்திலேயே எச்சரித்தேன், கேட்கத்தான் ஆள் இல்லை" என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பின்னாலேயே உன் மகள் வந்தாள். பொன்னாடையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள்.

"மாமா, வகுப்புல கடைசி வாங்குல குந்தியிருக்கிற ஒருத்தன் கேக்குறான், நீங்க குண்டு மாஸ்டர் மகளான்னு. இன்னைக்கும் கேக்குறான்."

"நீ என்னம்மா சொன்ன?"

"ஆமான்னேன். வேற என்ன சொல்ல? அந்தப் போத்தல் பள்ளிக்கூடத்துதுன்னு ஒருத்தராவது எழுதணும் மாமா. இந்த லேப்புக்கு யார் பேர் வேணும்னாலும் இருக்கட்டும். அப்பா பேர்ல இருக்கற பழிய மட்டும் எடுத்துருங்க."

ராஜேஸிடமும் கேட்டேன். "இனிமே எழுதுங்கண்ணே" என்றாள்.

எழுதிவிட்டேன். கொழும்பிலிருந்து வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். அவர்கள் போடாவிட்டால் அடுத்த பத்திரிகைக்கு. அதுவும் போடாவிட்டால் நானே அச்சடித்து ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்று கொடுப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. அந்தப் பட்டப்பெயரை நிரோஷா காதுபடச் சொல்ல இந்த மலையில் ஒரு வாய் மிச்சமிருக்கும்வரை இதை விடமாட்டேன்.

என் பெயரை மட்டும் போடப்போவதில்லை. பயத்தால் இல்லை, பயப்பட்டு நான் காப்பாற்ற என்னிடம் என்ன இருக்கிறது? உப அதிபர் பதவியை அந்த மனுஷன் எனக்குத் தராததும், அதிலிருந்து நான் அவர் முகத்தில் விழிக்காததும் ஊருக்கே தெரியும். என் பெயரைப் பார்த்தால் என் வஞ்சத்தைத்தான் படிப்பார்கள், உன் கதையைப் படிக்கமாட்டார்கள். வஞ்சம் இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். இருக்கிறது. ஆனால் பத்திரிகைக்குப் போகும் பிரதியில் அது வர வேண்டாம், இந்தப் பத்தியை அதில் வெட்டிவிடுவேன்.

பலகையில் இருந்தது உண்மை. அதன் கீழே ஒரு பெயர் இருந்ததால் உண்மையை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இதில் அவர்கள் பிடித்துக்கொள்ள உண்மையைத் தவிர வேறெதுவும் இருக்காது.

ஹட்டன் தபால் கந்தோரில் என் கையெழுத்தைத் தெரியும். நாளைக்கு மழை விட்டால் தலவாக்கலைக்குப் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்