கடைசி ஆளுக்குப் பின்னால்

ஒக்டோபர் 14, திங்கள்

காலை தெளிவு. நமுனுகுல மலை உச்சிவரை தெரிந்தது. மூன்று மணிக்கு இடி, அப்புறம் மழை.

விடிகாலையில் 6 கி.மீ. மேட்டில் நடை, சமதரையில் ஓட்டம். இடது முழங்கால் பரவாயில்லை. காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு போயும் அட்டை ஏறிவிட்டது.

தர்ஷினியின் போன். வங்கியில் வேலை செய்கிற பிள்ளை, ஞாயிறு நடக்கும் மலையோட்டத்தை நடத்துகிறவர்களில் ஒருத்தி. "அங்கிள், இந்த முறை நீங்க ஓட வேணாம். ஸ்வீப்பரா வாங்க. உங்களை மாதிரி ஒழுங்கா செய்ய ஆள் இல்ல." வேலை இதுதான்: கடைசியாக வருகிறவரை முந்தாமல் அவருக்குப் பின்னாலேயே போகவேண்டும். பாதை காட்டக் கட்டிய ஒரேஞ்ச் ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே வரவேண்டும். சரி என்றேன். ஓடி மயங்கி விழுந்து நாலு பேருக்குத் தொல்லை கொடுப்பதைவிட இது மேல். உண்மையில், மாட்டேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

மனைவி பாக்கியத்திடம் சொன்னேன். "கவர்மென்ட் கச்சேரியில முப்பது வருசம் பேனா புடிச்சவரு, ரிட்டையர் ஆன பொறகு ஸ்வீப்பரா?" சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமலே வந்துவிட்டது.

வாங்க: உப்பு, டோர்ச் பற்றரி, அவளுக்கு இருமல் மருந்து.

ஒக்டோபர் 15, செவ்வாய்

பதுளை கடைவீதி. பாரூக்கின் சப்பாத்துக் கடை. தட்டுகள் பாதி காலி. அடுத்த புதன் அவன் குடும்பத்தோடு தெஹிவளைக்கே குடிபோகிறான், மகன் ரிஸ்வானிடம். போவது முடிவாகி இரண்டு மாதம் ஆகிறது. இன்றைக்குத்தான் அந்தக் காலித் தட்டுகளைச் சரியாகப் பார்த்தேன்.

இதே கடைக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது. தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து குறுக்குப் பாதையில் வெறுங்காலோடு ஓடிவந்து, அந்தக் குழாயில் சேறு கழுவி, பாரூக்கின் வாப்பா பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கும் என் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். மாலையில் திரும்பவும் டின்னுக்குள். மேலே ஏறும்போது பாரூக்கும் சும்மா கூட ஓடிவருவான். பிறகு தனியே கீழே இறங்குவான். ஏன் ஓடிவருகிறாய் என்று நான் கேட்டதே இல்லை.

"என்ன மச்சான், நீயா ஸ்வீப்பர்? அப்ப எனக்குத்தான் நீ. வேற யார் கடைசியா வாறது?"

"டொக்டர் என்ன சொன்னாரு?"

"நடக்கச் சொல்லி ஈக்கு. மலையில நடக்காதண்டு சொல்லல்ல."

அவன் நெஞ்சு ரத்தக்குழாயில் ஸ்பிரிங் வைத்து ஒன்றரை வருடம். போன இரண்டு வருடமும் இஸ்டோரோடு அவனை நிறுத்திவிட்டார்கள். இஸ்டோர் என்றால் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. 10.30க்குள் அதைத் தாண்டாதவர் நெஞ்சில் குத்திய நம்பரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு லொறியில் ஏறவேண்டும். அங்கிருந்து முடிவு மூன்று கி.மீ.தான்.

"இந்த முறை முடிச்சிட்டுத்தான் போவேன். தெஹிவளையில என்ன ஈக்கு? கடல். கடல்ல மேடு ஈக்கா?"

ஒக்டோபர் 17, வியாழன், போயா (பௌர்ணமி விடுமுறை)

மழை இல்லை. பாரூக்கும் நானும் மலை ஊற்றுப் பீலி வரைக்கும். அவன் முன்னால், நான் பத்தடி பின்னால். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்த ஒழுங்குதான். அவன் முதுகைப் பார்த்தே இந்த மலைகளை எல்லாம் பார்த்திருக்கிறேன்.

பீலித் தண்ணீர் அப்படியே இருக்கிறது, பல் கூசும் குளிர். முன்பு மூங்கில், இப்போது பிளாஸ்டிக் குழாய். என் பெரிய மகள் பிறந்த செய்தியை இங்கே வைத்துத்தான் அவனிடம் சொன்னேன். அவன் வாப்பா மௌத்தான மறுவாரம், ஒரு மணி நேரம் பேசாமல் இருவரும் உட்கார்ந்திருந்ததும் இங்கேதான்.

இன்று அவன் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டே வந்தேன். கேட்காதது போல இருந்தேன்.

இறங்கும்போது: "நான் போன பொறகு யாரோட ஓடுவாய்?" "முழங்கால் சரியில்ல, நிறுத்திடுவேன்." "பொய் சொல்லத் தெரியாத ஆளுக்கு எதுக்கு அந்த வேலை?"

ஒக்டோபர் 18, வெள்ளி

நாள் முழுக்க மழை. ஓட்டம் இல்லை. பிரஷர் பார்த்தேன், கூடுதல். ஞாயிறை நினைத்துத்தான்.

ஒக்டோபர் 19, சனி

ரிப்பன் கட்டும் வேலை. தர்ஷினியின் ஆட்கள் கீழ்ப்பகுதிக்கு, நான் மேல் மலைகளுக்கு. பாதை பிரியும் இடங்களில் தேயிலைச் செடியில் ஒன்று, பத்தடி தள்ளி இன்னொன்று. முனியாண்டி மரத்தடியில் செடி இல்லை. தயங்கித் தயங்கி மரத்திலேயே கட்டினேன், கும்பிட்டுவிட்டு.

கொழுந்துப் பையோடு வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார். "நேத்திக்கடனா சார்?"

"இல்லைங்க. நாளைக்கு ஓட்டம். வழி தெரியறதுக்கு."

"வழி தெரியாதவங்க எதுக்கு சார் இங்க வந்து ஓடணும்?"

சிரித்துவிட்டு அடுத்த செடிக்குப் போனேன்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

எழுத மனமில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது. வரிசையாக.

7.00 தொடக்கம். லேசான பனி. இளம் பிள்ளைகள் எல்லாம் இரண்டு வளைவுக்குள் மறைந்துவிட்டார்கள். பாலத்தைத் தாண்டியதும் நாங்கள் இரண்டு பேர்தான். பாரூக் முன்னால், நான் பின்னால் அவிழ்த்துக்கொண்டே. அவன் கடந்துபோன இடத்தில் நான் ரிப்பனை எடுத்துவிட்டால் அங்கே ஓட்டம் முடிந்துவிடுகிறது, வெறும் தோட்டம்தான் மிச்சம். நான் எடுப்பதை அவன் திரும்பிப் பார்க்கவில்லை, நல்லது.

நல்ல வேகம். பீலியில் நிற்கவே இல்லை, கையை நனைத்து முகத்தில் தடவிக்கொண்டான், அவ்வளவுதான். நேரம் கையில் இருந்தது.

முனியாண்டி மரம். நான் கட்டிய ரிப்பனுக்கு யாரோ குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவும் சொருகியிருந்தார்கள். எடுப்பதா, விடுவதா? எடுத்தால் தோட்டத்து ஆட்கள் மனம் நோகும். விட்டால் ஒன்று குறையும், தர்ஷினி கேட்பாள். பாதி அவிழ்த்தேன். திரும்பக் கட்டினேன். மறுபடி அவிழ்த்தேன்.

மேலே போயிருந்த பாரூக் திரும்பி இறங்கி வந்துவிட்டான்.

"என்னடா?"

"இத எடுக்கலாமா?"

"எனக்கிட்டயா கேக்கிறாய்? உன் சாமி, உன் ரிப்பன்."

"நீ போ, நான் வாறேன்."

"நீ பின்னால வராம நான் எப்படிடா கடைசி ஆளாகிறது?" வேரில் உட்கார்ந்துவிட்டான். கடைசியில் ரிப்பனை விட்டுவிட்டே வந்தேன்.

இஸ்டோர். லொறி ஸ்டார்ட்டில் நின்றது. தர்ஷினி கையில் போன், அணைந்துபோய். "அங்கிள், சார்ஜ் இல்ல. உங்க வாட்ச்சில டைம் என்ன?"

பாரூக் முழங்காலில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்கினான். தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தான். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தான்.

"பத்து முப்பத்துநாலு" என்றேன்.

கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவது என் பழக்கம். யோசிக்கவே இல்லை.

"சொரி அங்கிள்" என்றாள் அவனிடம், பாவம். அவனே ஊக்குகளைக் கழற்றினான். நம்பரை அவளிடம் கொடுக்காமல் ஊக்குகளோடு என் கையில் வைத்தான். லொறியின் முன்சீட்டில் ஏறினான்.

மிச்ச மூன்று கி.மீ. தனியே. எல்லாவற்றையும் அவிழ்த்தேன். ஓட்டம் முடியும் மைதானத்துக்குப் போனபோது காற்றடைத்த வளைவை இறக்கி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாலு நிமிடம் அவனுடையதல்ல. மரத்தடியில் நான் நின்ற நேரம். அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

ஒக்டோபர் 21, திங்கள்

மழை. ரிப்பன்களைக் கழுவி விறாந்தைக் கொடியில் காயப்போட்டேன். வீடு முழுக்க ஒரேஞ்ச். சனிக்கிழமை கொடுத்தால் போதும் என்கிறாள் தர்ஷினி. ஒன்று குறைவதைச் சொன்னேன். "ஐயோ அங்கிள், யாரு எண்ணப் போறாங்க?" யாரும் எண்ணப் போவதில்லையாம்!

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் பாக்கியம் நம்பரைக் கண்டெடுத்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"இத எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? அவரு கடை அரை மைல்தானே?"

ஒக்டோபர் 22, செவ்வாய்

கடைக்குப் போனேன். தட்டுகள் முழுக்கக் காலி. ரிஸ்வான் வந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். பாரூக் என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க, இருங்க" என்றான்.

அறுபது வருடத்தில் அவன் என்னை ‘வாங்க’ என்றது இல்லை.

தேத்தண்ணீர் வந்தது. மழை பற்றி ரிஸ்வான் பேசினான், தெஹிவளை வீட்டில் லிப்ட் இருப்பது பற்றியும். குடித்தேன். நல்லது, போய் வாங்க என்றேன். நானும் ‘வாங்க’. வந்துவிட்டேன்.

பாக்கியம்: "கச்சேரியில லீவு கேக்கப் போற மாதிரி போய் நின்னுட்டு வந்தீங்களாக்கும்."

மாலை ஆறரைக்குப் போன் செய்தேன். சொல்லவேண்டியதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு.

"அந்த நாலு நிமிசம் என்னால போனது."

"அது எனக்குத் தெரியாதா?"

தாளில் அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு இஸ்டோருக்கு வா" என்றேன். "மிச்சம் மூணு கிலோமீட்டர் இருக்கு."

"வேன் பத்து மணிக்கு."

"தெரியும்."

"ரிஸ்வான் விட மாட்டான்."

"தெரியும்."

மறுமுனையில் பெட்டி இழுக்கும் சத்தம். அப்புறம், "ரிப்பனெல்லாம் கழட்டிட்டாயே. எனக்கு வழி எப்படித் தெரியும்?"

அந்த வழி தெரியாதவனா அவன்!

"கட்டியிருக்கும்" என்றேன்.

போனை வைத்துவிட்டான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 23, புதன்

பென்சிலில் எழுதுகிறேன். இஸ்டோர் மதிலில் உட்கார்ந்து. மழை இல்லை, பனி கலைகிறது.

நாலு மணிக்கே புறப்பட்டேன். மைதானத்திலிருந்து தொடங்கி இங்கே வரைக்கும் பின்னோக்கிக் கட்டிக்கொண்டு வந்தேன், டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு. தோட்டத்தில் அனுமதி கேட்கவில்லை. கேட்காமல் நான் செய்த காரியம் வேறு ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. ஒரு நாய் குரைத்ததற்கே டோர்ச்சை அணைத்துவிட்டுச் செடிக்குள் குனிந்தேன். தோட்டத்து மேலாளர் துரை வந்து கேட்டால் என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

6.50. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து வேலை சொல்லி முடிந்து பெண்கள் மலைக்கு ஏறி வந்தார்கள். சனிக்கிழமை பார்த்த அதே அம்மாவும் இருந்தார். ரிப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், ஓட்டம் ஞாயித்துக்கெழமையே முடிஞ்சிருச்சே. ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

மற்றவர்கள் சிரித்தார்கள்.

"இன்னும் ஒருத்தர் வரணுங்க."

"மூணு நாளாவா ஓடுறாரு?"

"ஆமாங்க. கொஞ்சம் மெதுவா ஓடுறவரு."

அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு நான் தடவிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். நாலு ஊக்கில் ஒன்று எங்கேயோ தொலைந்துவிட்டது, மூன்றுதான் இருக்கிறது. வளையலில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். "குத்தி விடுங்க. பாவம், மூணு நாளு."

7.00. யாரும் இல்லை.

7.15. இஸ்டோருக்குள் மெஷின் சத்தம் தொடங்கிவிட்டது. வாட்டிய கொழுந்து வாசம். இந்த வாசத்தோடு அப்பா வேலை முடிந்து வருவார்.

7.25. பத்து மணிக்கு வேன் என்றால் பெட்டிகளை ஏற்ற ஆள் வேண்டும். ரிஸ்வான் விடாவிட்டால் அதுவும் நியாயம்தான். நெஞ்சில் ஸ்பிரிங் வைத்தவனை மலைக்குக் கூப்பிட்டது என் பிழை. வராமல் இருப்பதே நல்லது. எட்டு மணி வரை பார்த்துவிட்டு மறுபடி அவிழ்த்துக்கொண்டே இறங்கவேண்டியதுதான்.

7.31. கீழே வளைவில் த்ரீவீல் சத்தம். கங்காணியாக இருக்கலாம்.

இல்லை, அவன்தான். வெள்ளைச் சப்பாத்து, புதுசு. கடையில் மிஞ்சிய கடைசிச் சோடி போல. பின்சீட்டில் ரிஸ்வானும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. த்ரீவீல் நிற்பதற்கு முன்னாலேயே பாரூக் தலையை வெளியே நீட்டிக் கத்துகிறான்:

"எத்தனை நிமிசம் லேட்டு மச்சான்? சரியாப் பாத்துச் சொல்லுடா!"