பனி ஏறும் உயரம்

மேப்பிள்டன், மெய்ன்
செப்டம்பர் 18, 1994

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. அம்மா அதைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நான்தான் பிரித்துப் படித்தேன். தங்கை ஆனிக்குக்கும் படித்துக் காட்டினேன். நாலு வயதில் கடிதம் என்றால் என்னவென்று அவளுக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை. உறைக்குள்ளே உங்களைத் தேடினாள்.

நாளை முதல் உருளைக்கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிக்கு மூன்று வாரம் விடுமுறை. பக்கத்து வீட்டுக் கில்மன் மாமாவின் வயலில் நானும் கிழங்கு பொறுக்கப் போகிறேன். புதிதாகக் குடிவந்த இந்த ஊரில் யாருக்கும் நம்மைத் தெரியாது. அப்பா எங்கே என்று கேட்டால் வெளியூரில் வேலை என்கிறேன், அம்மா சொல்லிக்கொடுத்தபடி. லைசென்ஸ் இல்லாமல் ஹீட்டர் மாட்டியதற்குப் போய்ச் சிறையா என்று எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாயைத் திறப்பதில்லை.

இப்போது முக்கியமான விஷயம். இந்த வருடம் விறகு வெட்ட வீட்டில் ஆள் இல்லை. மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றினால் ஆனிக் இருமுகிறாள். போன மாதமே மருத்துவர் அதைத் தூக்கி எறியச் சொல்லிவிட்டார். குளிர் இறங்குவதற்குள் இந்த டிரெய்லர் வீட்டுக்கு வேறு வழி பார்த்தாக வேண்டும். அம்மா என்னிடம், "நீதானே எந்நேரமும் படிக்கிற. எது நல்லதுன்னு நீயே பாத்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டாள்.

நூலகத்தில் திருமதி ஹாஸ்கெல் கொடுத்த விளம்பரத் தாள்களை எல்லாம் படித்தேன். நோட்டில் கோடு போட்டு மூன்று வரிசை எழுதியிருக்கிறேன். மின்சார ஹீட்டர்: சுத்தம்தான், ஆனால் மின்கம்பி அறுந்தால் குளிரில் உட்கார வேண்டும். புரொப்பேன் கேஸில் எரியும் சுவர் ஹீட்டர்: மின்சாரம் போனாலும் எரியும். ஆனால் அதிலேயே இரண்டு வகை. ஒன்று, புகைக்குழாயே இல்லாதது. மாமாவின் மீன்பிடிக் குடிலில் ஒன்று சும்மா கிடக்கிறது, தருகிறேன் என்கிறார். சுவரில் ஓட்டை வேண்டாம், சூடு ஒரு துளிகூட வெளியே போகாது என்கிறார். இன்னொன்றுக்குச் சுவரைத் துளைத்துக் குழாய் விட வேண்டும்.

நீங்கள் இருபது வருடம் இந்த வேலை செய்தவர். எதை எடுக்கலாம்? மாமா சிரிக்கிறார். "புஸ்தகத்தப் பாத்து அடுப்பு வைக்கிற வீட்ட இப்பத்தான் பாக்கறேன்" என்கிறார்.

உங்கள் அன்பு மகள்,
லிசெட்

•

செப்டம்பர் 27, 1994

என் லிசெட்டுக்கு,

உன் மூன்று வரிசையை இரண்டு முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய்.

மாமாவின் ஹீட்டர் குடிலிலேயே இருக்கட்டும். சூடு வெளியே போகாது என்றால் புகையும் வெளியே போகாது. அது நீங்கள் மூச்சு விடும் காற்றையே தின்று எரியும். சன்னலை ஓர் அங்குலம் திறந்து வைக்கச் சொல்லி அதன் மேலேயே எழுதியிருக்கும். நம் ஊரில் குளிர்காலத்தில் யார் சன்னலைத் திறக்கிறார்கள்? அக்டோபரிலேயே பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடிவிடுகிறோம்.

சுவரைத் துளைக்கும் வகையையே வாங்கச் சொல். அதில் குழாய்க்குள் குழாய் இருக்கும். ஒன்று புகையை வெளியே தள்ளும், மற்றது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். வீட்டுக் காற்றைத் தொடாது.

ஒன்றை மட்டும் கவனி. ஹீட்டர் தரையை ஒட்டி நிற்பதால் ஓட்டையும் கீழேதான் வரும். இப்போது அங்கே புல் நிற்கிறது. பிப்ரவரியில் என்ன நிற்கும் என்று பார். வெளியே போய்ச் சுவரின் வண்ணத்தைப் பார்த்தால், ஒரு கோட்டுக்குக் கீழே வெளிறி இருக்கும். அதுதான் போன வருடப் பனி ஏறிய உயரம். அதில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவை. ஓட்டை அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தால், மேல்நோக்கி நிற்கும் கூடுதல் குழாய் ஒன்று மாட்ட வேண்டும். அதன் வாய் கோட்டுக்கு ஓர் அடி மேலே இருக்க வேண்டும்.

அதை அன்றைக்கே மாட்ட வேண்டும். வந்தவன் பிறகு வந்து போடுகிறேன் என்பான். விடாதே. எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் விடாதே.

அப்பா

•

மேப்பிள்டன்
அக்டோபர் 16, 1994

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹீட்டர் வந்துவிட்டது! நான் வெறும் சட்டையோடு உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஆனிக் தரையில் படுத்து, ஹீட்டரின் சின்னச் சன்னல் வழியாக நீலச் சுடரை எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஏழு என்கிறாள். எனக்குத் தெரிந்து அவளுக்கு ஏழு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். எட்டு நாளாக இருமல் இல்லை.

நீங்கள் சொன்னபடியே சுவரைப் பார்த்தேன். நிஜமாகவே கோடு இருந்தது. இத்தனை நாள் அந்தப் பக்கம் நடந்திருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. தரையிலிருந்து மூன்று அடி ஐந்து அங்குலம். பென்சிலால் அழுத்தமாகக் கோடு போட்டு 'பனி' என்று எழுதினேன்.

கேஸ் கம்பெனியிலிருந்து ரோலண்ட் என்பவர் வந்தார். சிவப்புத் தாடி. பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்கிற ஆள். அம்மா போட்ட பக்வீட் மாவு ரொட்டியை வெண்ணெய் தடவி ஆறு தின்றார். ஓட்டை தரையிலிருந்து ஒன்றரை அடியில் வந்தது. வேலையை முடித்துவிட்டுக் கருவிகளை எல்லாம் பெட்டியில் அடுக்கினார். மேல்குழாய் எங்கே என்று கேட்டேன். வண்டியில் இல்லையாம். "பனி விழறதுக்கு முன்னாடி வந்து போட்டுடறேன், பாப்பா. அதுக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கே" என்றார்.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. போய் அவருடைய கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் சிரித்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எந்திரி பாப்பா, இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கு" என்றார். "அப்ப குழாயக் கொண்டுவந்து மாட்டிட்டுப் போங்க" என்றேன். மாமா வாசலில் நின்று, "புஸ்தகம் படிச்சா இப்படித்தான் ஆகும்" என்றார். கடைசியில் ரோலண்ட் பெட்டியை விட்டுவிட்டுக் கிடங்குவரை போய்க் குழாயோடு வந்தார். இரண்டு மணி நேரம் நான் அசையவில்லை. பெட்டியின் பூட்டு குத்தியது.

குழாயின் வாய் இப்போது பென்சில் கோட்டுக்குப் பதின்மூன்று அங்குலம் மேலே இருக்கிறது. நானே அளந்தேன். எல்லாம் உங்களால்தான் அப்பா.

உங்கள் அன்பு மகள்,
லிசெட்

•

அக்டோபர் 25, 1994

என் லிசெட்டுக்கு,

நீ பெட்டி மேல் உட்கார்ந்த பகுதியை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை. என் அறையில் இருப்பவனுக்கும் படித்துக் காட்டினேன். அவன் சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

என் பெட்டி மீதும் அப்படி யாராவது ஒருமுறை உட்கார்ந்திருக்கக் கூடாதா.

புதுப்பனி விழுந்தால் குழாயைச் சுற்றி மண்வெட்டியால் தள்ளிவிடு. ஆனிக்கைக் கவனித்துக்கொள். அம்மாவுக்கு எழுதுகிறேன் என்று சொல்.

அப்பா

•

மேப்பிள்டன்
டிசம்பர் 4, 1994

அப்பாவுக்கு,

அறிவியல் பாடத்துக்கு 'நம் மாவட்டத்தில் வீடுகள் சூடாக்கப்படும் முறைகள்' என்று கட்டுரை எழுதுகிறேன். ஹீட்டர் வாங்கப் படித்ததெல்லாம் வீணாகாது என்று நானே தேர்ந்தெடுத்த தலைப்பு. திருமதி ஹாஸ்கெல் ஓர் உறை நிறையச் செய்தித்தாள் துண்டுகள் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு நம் குடும்பப் பெயர் தெரியும். ஆனால் அந்தத் துண்டுகளை அவர் படித்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். படித்திருந்தால் என்னிடம் கொடுத்திருக்க மாட்டார்.

போன ஜனவரி மாதச் செய்தி ஒன்று. ஆற்றங்கரையில் ஒரு வீடு. அல்சீட் டேகிள், வயது எழுபத்து நான்கு. அவர் மனைவி ப்ளாங்ஷ், எழுபத்தொன்று. கூரையிலிருந்து சரிந்த பனி ஹீட்டர் குழாயை மூடிவிட்டது. வெளியே போக வழியில்லாத புகை அறைக்குள் திரும்பியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வரவில்லையே என்று மகள் போய்ப் பார்த்தாள். இருவரும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்திருந்தார்கள். அவர் மடியில் சீட்டுக்கட்டு இருந்தது.

அடுத்த துண்டு மே மாத வழக்குச் செய்தி. அதில் உங்கள் பெயர் இருக்கிறது. லைசென்ஸ் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் அவர்களைப் பற்றி. அக்டோபரில் ஹீட்டர் மாட்டியவர் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று நீதிபதி கேட்டபோது மகள் சொல்லியிருக்கிறாள். அதை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள்.

"பனி விழறதுக்கு முன்னாடி வந்து போட்டுடறேன்."

அம்மாவிடம் கேட்டேன். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "உனக்கு இப்பத் தெரிய வேணாம்னு அவருதான் சொன்னாரு" என்றாள்.

என் பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். போன வருடம் அக்டோபர் கடைசியில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று தெரிய வேண்டும்போல் இருந்தது. எல்லா நாளும் ஒன்றையேதான் எழுதியிருக்கிறேன். அப்பா எனக்குப் புத்தக அலமாரி செய்கிறார். இன்று மேல்தட்டு. இன்று வண்ணம். நவம்பர் இரண்டாம் தேதி முதல் பனி விழுந்தது. அன்றைக்குத்தான் அலமாரியை என் அறைக்குக் கொண்டுவந்தீர்கள்.

அதனால்தான் போகவில்லையா?

லிசெட்

•

டிசம்பர் 13, 1994

லிசெட்,

அலமாரி காரணம் இல்லை. அதை மட்டும் உன் மனதிலிருந்து எடுத்துவிடு.

அக்டோபர் இருபதாம் தேதியிலிருந்து அந்தக் குழாய் என் வண்டியின் பின்னால் கிடந்தது. இரண்டு முறை அவர்கள் வீட்டைத் தாண்டிப் போனேன். முதல் முறை, ப்ளாங்ஷ் காப்பி குடிக்கச் சொல்லி உட்கார வைத்துவிடுவாள், நேரமாகும் என்று நினைத்தேன். இரண்டாம் முறை நினைக்கவே இல்லை. பனி விழுந்த பிறகு, கிழவர் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

எவ்வளவு உயரம் ஏறும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுச் சுவரிலும் நான்தான் பென்சிலால் கோடு போட்டேன்.

உன்னிடம் மறைத்தது என் தவறு. அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே.

அப்பா

•

மேப்பிள்டன்
ஜனவரி 29, 1995

அப்பாவுக்கு,

ஆனிக் நலம். அம்மாவுக்கு ஆலையில் நேரம் கூட்டியிருக்கிறார்கள். கட்டுரையில் டேகிள் வீட்டைப் பற்றியும் எழுதினேன். ஹீட்டர் மாட்டியவரின் பெயரை எழுதவில்லை. ஆசிரியை அதை வகுப்பில் சத்தமாகப் படித்தார். அந்த ஆளை என்ன செய்யலாம் என்று பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு நாளாக விட்டு விட்டுப் பனி. சுவரில் ஓட்டை இருக்கும் இடம் மூடிவிட்டது. நேற்றுப் பென்சில் கோடும் மூடியது. தினமும் பள்ளிக்குப் போகும் முன் குழாயின் வாயைச் சுற்றித் தள்ளிவிடுகிறேன். அதிலிருந்து வெள்ளையாக ஆவி வருகிறது, உள்ளே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம் என்பதற்கு அடையாளம்போல. நீங்கள் சொல்லித்தந்ததால்தான் இருக்கிறோம். அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் மண்வெட்டியைக் கீழே வைக்கும்போது அதையும் நினைக்கிறேன், அந்தச் சீட்டுக்கட்டையும் நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்து நினைக்க எனக்கு இன்னும் வரவில்லை.

புத்தகங்களை அட்டைப்பெட்டிக்கு மாற்றிவிட்டேன். அலமாரி கூடத்தில் நிற்கிறது. ஆனிக் அதில் பொம்மைகளைத் தூங்க வைக்கிறாள்.

ஏப்ரலில் பனி இறங்கி, சுவரில் அந்த ஓட்டை மறுபடியும் கண்ணுக்குத் தெரியும்போது எழுதுகிறேன்.

லிசெட்

•

ஜூன் 18, 1995

என் லிசெட்டுக்கு,

இங்கே முற்றத்தில் புல் முளைத்துவிட்டது. நேற்று அதை வெட்டும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

நீங்கள் இங்கிருந்து இன்னும் வடக்கே இருக்கிறீர்கள். அந்தச் சுவர்ப்பக்கம் வெயிலும் அதிகம் படாது. பனி உருகக் கொஞ்சம் தாமதமாகும் என்று தெரியும்.

அப்பா