அந்த வீட்டுக்காரர் நான்தான்

அனுப்புநர்
லிஃப்ட் மெக்கானிக் (தற்காலிக வேலை விசா, மூன்றாம் நீட்டிப்பு),
கோப்பு எண் 4417,
பேக்கரிக்கு மேல், இரண்டாம் மாடி.

பெறுநர்
தலைமை அதிகாரி அவர்கள்,
மொழிபெயர்ப்பு மறுஆய்வுப் பிரிவு,
குடிவரவுத் துறை.

பொருள்: நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் – கணவன் மனைவி நேர்காணல் – ஒரு சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதால் என் மனைவி வேறொருவருடன் வாழ்வதாகப் பதிவானது – திருத்தக் கோருதல் – விசா இம்மாதம் 30ஆம் தேதி முடிவதால் அவசரம் – தொடர்பாக.

பார்வை: 1. இம்மாதம் 4ஆம் தேதி நேர்காணலின் ஒலிப்பதிவு.
2. தங்கள் துறையின் 9ஆம் தேதியிட்ட கடிதம்.
3. அத்துடன் வந்த படிவம் 9.

மதிப்பிற்குரிய ஐயா,

மொழிபெயர்ப்பு பற்றிய புகாரை, பேசிய மொழியிலேயே எழுதலாம் என்று தங்கள் துறைக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பொடி எழுத்துக்கு முதலில் என் நன்றி. நான்கு பக்கக் கடிதத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது அந்த ஒரு வரிதான். இனி என் குறையைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. நான் ஆறு வருடங்களாக இந்த நகரத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். நடுவழியில் நின்ற பெட்டிக்குள்ளிருந்து இதுவரை இருநூறு பேருக்கு மேல் வெளியே எடுத்திருக்கிறேன். அதில் ஒருவர் பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர். நிரந்தர வசிப்புரிமைக்கான மதிப்பெண்களில் தொழிலுக்கு முழு மதிப்பெண், அனுபவத்துக்கு முழு மதிப்பெண், மொழித் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேர்ச்சி. வயதுக்கு மட்டும் முட்டை போட்டார்கள். என் தலையைக் கண்ணாடியில் பார்த்தபின் அதில் எனக்கு வருத்தமில்லை. தங்கள் அலுவலகக் கட்டடத்தின் இரண்டு லிஃப்டுகளையும் மாதாமாதம் பராமரிப்பவனும் நான்தான். இதைத் தகவலுக்காக மட்டுமே தெரிவிக்கிறேன். தயவுசெய்து வேறு விதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. மருத்துவப் பரிசோதனை, காவல்துறைச் சான்று, நிறுவனத்தின் கடிதம் எல்லாம் முடிந்து மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: நானும் என் மனைவியும் உண்மையிலேயே சேர்ந்து வாழ்கிறோமா என்று தனித்தனியாக விசாரிக்கும் நேர்காணல். பதினேழு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இதில் என்ன பயம் என்று கேட்கலாம். பயம்தான் ஐயா. பத்து நாள் ஒத்திகை பார்த்தோம். பல் துலக்கும் பிரஷ்ஷின் நிறம், கட்டிலில் யார் எந்தப் பக்கம், கடைசியாகச் சண்டை போட்டது எதற்காக. ஜன்னல் திரை என்ன நிறம் என்பதை நான் மூன்று முறை தவறாகச் சொன்னேன். "ஆறு மாசமா அதை விலக்கிட்டுத்தானே வெளிய பார்க்கறீங்க? உங்களாலதான் எல்லாம் கெடப் போகுது பாருங்க" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நேர்காணலில் திரையைப் பற்றி யாரும் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் தேவலை.

3. அன்று முதலில் என் மனைவியை அறைக்குள் அழைத்தார்கள். நான் கழுத்தை நெரிக்கும் டையுடன் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மொழிபெயர்த்த அம்மையார் இந்த நாட்டிலேயே பிறந்து, புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர் என்று அறிகிறேன். அவர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவருடைய தமிழ் என் தமிழைவிடச் சுத்தமானது. சிக்கலே அதில்தான் வந்தது. ஒலிப்பதிவின் பதினான்காம் நிமிடத்திலிருந்து என் மனைவி சொன்னதையும், கடிதத்தில் பதிவாகியிருப்பதையும் கீழே தருகிறேன்.

அந்த இடத்தில் முதல் கேள்வி, யாருடன் வசிக்கிறீர்கள் என்பது. என் மனைவி சொன்னது: "எங்க வீட்டுக்காரரோடதாங்க. வேற யாரோட இருப்பேன்?" பதிவானது: "வீட்டின் உரிமையாளருடன் வசிக்கிறார். தமக்கு வேறு போக்கிடம் இல்லை என்கிறார்."

அவர் எப்படி நடத்துகிறார் என்பது அடுத்த கேள்வி. அவள் சொன்னது: "தங்கமான மனுஷன்ங்க. ஆனா வேலை விட்டு வந்ததும் சாக்ஸைக் கழட்டி சோபா மேலயே போட்டுடுவாரு. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்." பதிவானது: "உரிமையாளர் நல்லவர். இவரது அறைக்கு வந்து உடைகளைக் களைகிறார். இவர் பலமுறை ஆட்சேபித்தும் நிறுத்தவில்லை."

அந்த அறையில் இருந்த அதிகாரி இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தாராம். அவர் நிலைமையில் நானும் குடித்திருப்பேன். பிறகு, அப்படியானால் கணவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார். நான் வந்திருக்கிறேனா என்று சரிபார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு என் மனைவி சொன்னது: "வெளியிலதாங்க இருக்காரு. பாவம், காலையிலேருந்து பச்சத் தண்ணி கூடக் குடிக்கல." பதிவானது: "கணவர் வெளியில் வசிக்கிறார். பரிதாபமான நிலையில் இருக்கிறார்."

பரிதாபமான நிலை என்பது மட்டும் அன்றைக்குச் சரியாக இல்லாவிட்டாலும், இன்றைக்குச் சரியாகிவிட்டது.

4. அடுத்து நான் போனேன். என் பங்குக்கு நானும் கெடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மனைவி வேலைக்குப் போகிறாரா என்று கேட்டார்கள். "இல்லீங்க, எங்க வீட்ல வேலைக்குப் போறதில்ல" என்றேன். "இவர் வீட்டில் எவரும் வேலைக்குச் செல்வதில்லை" என்று பதிவாகியிருக்கிறது. தொழில் திறமையின் பேரில் விண்ணப்பித்தவன், விரல் இடுக்கில் கிரீஸ் கறையோடு உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னதாகக் கோப்பு கூறுகிறது.

5. எனவே தங்கள் பிரிவின் கவனத்துக்கு: எங்கள் பேச்சில் மனைவியைக் குறிப்பிடும்போது பலர் பெயரையும் சொல்வதில்லை, மனைவி என்றும் சொல்வதில்லை. 'எங்க வீட்ல' என்போம். வீட்ல கோவிச்சுக்குவாங்க என்றால் சுவர் கோபித்துக்கொள்ளும் என்று பொருளல்ல. அதே கணக்கில் மனைவி கணவனை 'எங்க வீட்டுக்காரர்' என்பாள். அகராதியைப் பார்த்தால் வீட்டின் சொந்தக்காரர் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரை என் மனைவி இந்த நான்கு வருடத்தில் 'ஓனர்' என்று தவிர வேறு எப்படியும் சொன்னதில்லை. அவளுடைய கைப்பேசியில் அவர் எண் 'பேக்கரி ஓனர்' என்றும், என் எண் 'வீட்டுக்காரர்' என்றும் இருப்பதைப் படமெடுத்து இணைத்துள்ளேன். எந்த நாட்டிலும் ஒரு சதுர அடி நிலம் இல்லாத எனக்கு அந்தப் பட்டம் பொருந்தாதுதான். பதினேழு வருடத்துக்கு முன் அவள் கொடுத்தது. இதுவரை திரும்ப வாங்கவில்லை. 'எங்க' என்பதைப் பன்மையாக எடுத்துக்கொண்டு, வேறு பங்காளிகள் யாரேனும் உண்டா என்று புதிய விசாரணை தொடங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்த 'எங்க' ஒருமைதான்.

6. பிழை இத்தோடு நின்றிருந்தால் ஒரு விளக்கக் கடிதத்தில் முடிந்திருக்கும். ஆனால் 6ஆம் தேதி தங்கள் துறையிலிருந்து எங்கள் ஓனருக்குத் தொலைபேசியில் பேசி, இன்ன பெண்மணி உங்களிடம் இருக்கிறாரா என்று சரிபார்த்திருக்கிறார்கள். ஓனருக்கு வயது எழுபத்து நான்கு. ஒரு காது அவ்வளவாகக் கேட்காது. மறுகாதுப் பக்கம் அடுப்பின் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. வாடகைக்கு இருப்பதைத்தான் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, எங்களுக்கு நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டு, அவர் தம் மொழியில் சொன்னதன் சாரம் இது: "ஆமா, நாலு வருஷமா என்கிட்டதான் இருக்காங்க. ரொம்ப நல்ல பொம்பள. தயவுசெஞ்சு அவங்களை மட்டும் அனுப்பிடாதீங்க."

அவர் மனைவி பக்கத்தில் நின்று ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அன்று முதல் ஐந்து நாட்கள் படிக்கட்டில் எங்களுக்கு வணக்கம் இல்லை. முதல் மாடிக்காரர் என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்தினார். பெரியவர் மட்டும் ஒன்றும் புரியாமல் எல்லாரையும் பார்த்து வழக்கம்போல் சிரித்துக்கொண்டிருந்தார். தங்கள் கடிதம் வந்த பிறகுதான் விஷயம் விளங்கி, நான் கீழே போய், மொழித் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறிய அதே மொழியில் விளக்கினேன். பேக்கரி அம்மா அரைமணி நேரம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, என் மனைவி தம் கணவனோடுதான் வாழ்கிறார் என்று எழுதிக்கொடுத்து, தம் கணவர் கையெழுத்துக்குக் கீழே அதைவிடப் பெரிதாகத் தாமும் போட்டிருக்கிறார். இணைத்துள்ளேன்.

7. பிறகு யாரும் சிரிக்கவில்லை. காரணம், தங்கள் கடிதத்துடன் வந்த படிவம் 9. கணவன் மனைவி உறவு ஐயத்துக்குரியதாக இருப்பதால் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது. ஆனாலும் மனைவியின் பெயரை நான் நீக்கிக் கையெழுத்திட்டால், என் ஒருவனுக்கு மட்டும் நிரந்தர வசிப்புரிமை பத்து நாளில் வழங்கப்படும். அவள் 30ஆம் தேதிக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். கையெழுத்திடாவிட்டால் இருவருக்குமே 30ஆம் தேதியோடு சரி. இதுதான் அதன் சுருக்கம்.

8. எங்கள் பட்டறையில் 'பாயிண்ட்' என்று ஒருவர் உண்டு. யாரைப் பார்த்தாலும் வயது, படிப்பு கேட்டு மதிப்பெண் கூட்டிச் சொல்வதால் அந்தப் பெயர். அவருக்கு நிரந்தரம் கிடைத்து மூன்று வருடமாகிறது. படிவத்தைப் பார்த்ததும், "அண்ணே, கண்ணை மூடிட்டு ஒரு கையெழுத்தைப் போடுங்க. மொதல்ல நீங்க உள்ள வந்துடுங்க, அண்ணியை அப்புறம் கூப்பிட்டுக்கலாம். ரெண்டு பேரும் வெளிய போயிட்டா மறுபடி உங்க வயசுக்கு எவன் கூப்பிடுவான்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, சொன்னதும் தவறில்லை. மேற்பார்வையாளரும் அதையே சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த மாத வேலைப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார். அதில் என் பெயர் இல்லை. தங்கள் கட்டடத்தின் லிஃப்டுகளுக்கு நேராக வேறொருவர் பெயர் இருந்தது.

9. வீட்டுக்கு வந்து படிவத்தை மேசைமேல் வைத்தேன். என் மனைவி பேனாவை எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைத்தாள். "ஏங்க, போட்டுடுங்க. ஆறு வருஷம் அந்த லிஃப்ட் குழிக்குள்ள கெடந்து ஒழைச்சிருக்கீங்க. நான் போய் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ இருக்கேன், என்ன இப்போ?" என்றாள். அவளுக்கு இந்த நாட்டு மொழியைப் பேச வரும், படிக்க வராது. "அது சரி, என்னை யாருன்னு அதுல போட்டிருக்கு?" என்று கேட்டாள். நான் மழுப்பிப் பார்த்தேன். விடவில்லை. படித்துக் காட்டினேன்: 'மேற்படி பெண் என் மனைவியாக என்னுடன் வாழவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.'

அவள் போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துலக்கிக் கவிழ்த்த வாணலியை எடுத்து மறுபடியும் துலக்கினாள். எதற்கெடுத்தாலும் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி அவள் வாயைக் கிளறுவது என் வழக்கம். அன்று துணியை எடுத்துக்கொண்டு போய் அந்த வாணலியைத் துடைத்து வைத்தேன்.

10. ஐயா, நான் தங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். ஒலிப்பதிவின் பதினான்காம் நிமிடம் முதல் பதினேழாம் நிமிடம் வரை, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த எவரையாவது கேட்கச் சொல்லுங்கள். அவர் திருமணமானவராக இருந்தால் மூன்று நிமிடம்கூட வேண்டாம். சாக்ஸ் வரும் இடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். வேண்டுமானால் எங்கள் இருவரையும் மறுபடி அழைத்து ஒரே அறையில் உட்காரவைத்துக் கேளுங்கள். மறுஆய்வு முடியும்வரை 30ஆம் தேதி என்ற கெடுவைத் தள்ளிவைக்க உத்தரவிடுங்கள். இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. பெட்டிகளைப் பரண்மேலிருந்து இறக்கிவிட்டோம், இன்னும் திறக்கவில்லை.

11. நிரந்தர வசிப்புரிமை தருவதும் தராததும் தங்கள் துறையின் விருப்பம். தராவிட்டாலும், எந்த லிஃப்டும் இல்லாத ஊர் என்று உலகில் ஒன்று இருக்கப்போவதில்லை, எங்காவது பிழைத்துக்கொள்வேன். ஆனால் நாங்கள் போன பிறகும் இந்தக் கோப்பு இங்கே இருக்கும். அதில் என் மனைவி வேறொருவர் வீட்டில் போக்கிடமில்லாமல் இருந்தவள் என்று இருக்கக் கூடாது. விண்ணப்பத்தின் முடிவு எதுவானாலும், அந்த வரியை மட்டுமாவது திருத்திப் பதிந்து, திருத்திய நகலை அவள் பெயருக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

படிவம் 9ஐக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புகிறேன். என் விண்ணப்பத்தில் பெயர்கள் இரண்டு. ஏற்பதென்றால் இரண்டையும் ஏற்கவும். மறுப்பதென்று முடிவானால், அருள்கூர்ந்து இருவரையும் ஒரே கடிதத்தில் மறுக்கவும்.

இடம்: பேக்கரிக்கு மேல், இரண்டாம் மாடி
நாள்: 19 நவம்பர்

இவண்,
(கையொப்பம்)
மனுதாரர்

படித்துக் காட்டக் கேட்டேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.
(கையொப்பம்)
மனுதாரரின் மனைவி

இணைப்புகள்: கைப்பேசிப் படம் – 1, பேக்கரித் தம்பதியின் கடிதம் – 1, படிவம் 9 (கையெழுத்திடாதது) – 1.