கசங்காத தலையணை

இன்று காலை உன் தலையணை உறையைத் துவைக்கலாமென்று எடுத்தேன். எடுத்தவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உன் ஊர் ராமாபுரத்தில் உன் அம்மா வெட்டிவேரும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் காய்ச்சி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிற அந்த எண்ணெயின் வாசனை. நீ போய் நாலு மாதம் ஆகிறது, அது போகவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. உன்மேல்தான்.

நாம் முதலில் சந்தித்த நாள் ஞாபகமிருக்கிறதா? டேட்டிங் செயலியில் உன் முகமே கிடையாது, ஒரு ஜோடி ஷூ மட்டும். சரஸ்வதிபுரத்து ஓட்டலுக்கு வந்தவன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தெரிந்தவர் யாராவது பார்த்தால் ஆபீஸ் வேலை என்று சொல்லலாமாம். நான் மட்டும் என்ன யோக்கியம்? யாரோ ஒரு நோயாளியின் கடைவாய்ப்பல் எக்ஸ்ரேயைக் கவரோடு கொண்டுவந்திருந்தேன். ஒருவர் கையில் இருந்ததை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அன்றே அந்த லேப்டாப்பை மூடச் சொல்லியிருக்க வேண்டும்.

நாற்பது பேருக்கு மேலாளர் நீ. மீட்டிங்கில் மணிக்கணக்காகப் பேசுவாய். வீட்டில், மனசில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டால், "அதெல்லாம் பேசி என்னாகப் போகுது டாக்டரே, சாப்டியா?" என்பாய். நான் சாப்பிட்டேனா என்பதை எட்டு வருடம் ஒருநாள் தவறாமல் கேட்டாய். என்னைப் பிடித்திருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னாய், அதுவும் நான் காய்ச்சலில் கிடந்தபோது. காதில் விழாது என்று நினைத்திருப்பாய். விழுந்தது.

அப்புறம் அந்தக் கட்டில் நாடகம். ஊரிலிருந்து அம்மா வருகிறார்கள் என்று போன் வந்தால் போதும், நம் குவெம்பு நகர் வீட்டின் இரண்டாவது அறை உன் அறையாகிவிடும். யாரும் படுக்காத கட்டிலில் விரிப்பை விரித்து, அதன்மேல் நீயே இரண்டு தரம் புரண்டு கசக்குவாய். கடையில் வாங்கிய புதுத் தலையணையை நடுவில் குத்திப் பள்ளம் பண்ணுவாய். சீப்பு ஒன்று, காலேஜ் போட்டோ ஒன்று. வாசலில் நின்று, சரியாக இருக்கிறதா என்று என்னிடமே கேட்பாய்.

"யாக்கப்பா, எதுக்கு இந்த வேஷம்? உன் அம்மா என்ன சின்னக் குழந்தையா?" என்று ஒருமுறை கத்தினேன்.

"கன்னடம் வந்துருச்சா? அப்ப கோவம் நெசந்தான்," என்று சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அம்மா தாங்காதுடா," என்றாய்.

தாங்காது என்று உனக்கு யார் சொன்னது? அவரிடம் கேட்டாயா? கேட்காமலேயே தீர்ப்பு எழுதிவிட்டு, தண்டனையை மட்டும் என் தலையில் கட்டினாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆபீஸ்காரர்களோடு ஷட்டில் ஆடும்போது சாய்ந்தாய். ஆபீஸ் படிவத்தில் அவசரத் தொடர்பு என்று உன் அக்கா வீட்டுக்காரர் நம்பர். கொள்ளேகாலில் இருந்தவருக்குச் சொன்னார்கள், பத்து நிமிட தூரத்தில் இருந்த எனக்குச் சொல்லவில்லை. அவர்மூலம் தெரிந்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள். "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். "ரூம்மேட்," என்றேன். "சொந்தக்காரங்க வரட்டும் சார்," என்று வெளியே நிற்க வைத்தார்கள். ராமாபுரத்தில் நடந்த இறுதிச் சடங்கில் உன் ஆபீஸ்காரர்களோடு வரிசையில் நின்று பூப் போட்டுவிட்டு வந்தேன்.

அதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உன் சாமான்களை எடுக்க வருகிறோம் என்று உன் மச்சான் போன் செய்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நேராக இரண்டாவது அறைக்குப் போய் விரிப்பைக் கசக்கினேன். தலையணையைக் குத்திப் பள்ளம் பண்ணினேன். நீயே இல்லை, உன் நாடகத்தை நான் ஆடுகிறேன். கூட வந்த அம்மா அந்தத் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார். அதையே எடுத்துக்கொண்டும் போனார். நானே வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

நேற்று மத்தியானம் கிளினிக்கில் இருந்தபோது அவரிடமிருந்து போன்.

"டாக்டர் தம்பி, அந்தத் தலகாணியில நாங் காச்சுன எண்ண வாசமே இல்லியே சாமி. எம் பையன் அதுல ஒருநாளும் தல வெக்கல. எங்க படுத்தான்னு நெசத்தச் சொல்லு."

அப்பத்தான் புதுசா மாத்துனதும்மா என்ற பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நீ பழக்கிய நாக்கு. கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன்: "என் ரூம்லம்மா. என் பக்கத்துல. எட்டு வருஷமா."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அணைக்கக்கூட அவர் எழுந்திருக்கவில்லை போல, இன்னும் இரண்டு விசில். வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"அவன் தல வெச்ச தலகாணியக் கொண்டா," என்றார். "பஸ்ஸுல குடுத்து உடாத. நீயே வா."

எந்தக் குரலில் சொன்னார் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. கட்டிக்கொண்டு அழலாம், வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தலாம். எதுவானாலும் அது அவர் செய்வதாக இருக்கட்டும். அதைக்கூட நீ அவருக்கு விட்டுவைக்கவில்லையே!

உறையைத் துவைக்காமல் திரும்ப மாட்டிவிட்டேன். இரண்டாவது அறைக் கட்டிலின் விரிப்பை மடிப்பு இல்லாமல் இழுத்து விட்டிருக்கிறேன். இனி அதை யாரும் கசக்கப் போவதில்லை. பத்து மணி பஸ். உன் தலையணையைப் பைக்குள் திணிக்காமல், எல்லோரும் பார்க்கக் கையில் எடுத்துக்கொண்டு போகிறேன்.