சாயம் பிடிக்காத இடம்

செவ்வாய், இரவு

அம்மா மாசமாக இருப்பதால் கோவை ஆஸ்பத்திரிக்கு அப்பாவுடன் நான்தான் போனேன். இதயத்துக்குள் ரத்தம் ஓடுவதைப் படமெடுக்க, கதிர்வீச்சுள்ள ஒரு புது மருந்தை அங்கே சோதிக்கிறார்கள். அப்பாவும் சம்மதித்திருந்தார். முன்பு பழைய மருந்தை ஏற்றி எடுத்த படத்தில் இதயம் முழுக்க ஒளிர்ந்தது. இன்று புது மருந்தில் ஓரமாக ஒரு கறுப்புத் திட்டு.

"ரத்தம் போகாத இடமா இருக்கலாம். எந்தப் படம் சரின்னு இன்னொரு டெஸ்ட்லதான் தெரியும். இன்னைக்கே அட்மிட் ஆயிடுங்க," என்றார் டாக்டர்.

சாயப்பட்டறை மாஸ்டரான அப்பா சிரித்தார். "திட்டு விழுந்தா நாங்க சாயத்தைத்தானுங்க மாத்துவோம். துணி மேல பழி போட மாட்டோமுங்க."

பஸ் ஸ்டாண்டில் என்னைத் தள்ளி நிற்கவைத்துச் சொன்னார். "அம்மாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. நாளைக்கு ஷிப்ட் இருக்குது."

மருந்தின் கதிர்வீச்சு உடம்பில் இருப்பதால் காலைவரை நாங்கள் அவர் பக்கத்தில் போகக்கூடாதாம். முன்னறையில் தனியாகப் படுத்திருக்கிறார். அவர் உடம்பிலிருந்து வெளிச்சம் வருமோ என்று கதவிடுக்கில் பார்த்தேன். வெறும் இருட்டு.

அம்மா தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். அப்பாவின் குறட்டை விட்டு விட்டு வருகிறது. அது நிற்கும்போதெல்லாம் என் பேனாவும் நிற்கிறது.

இப்போது வெகுநேரமாகக் கேட்கவில்லை. அம்மாவை எழுப்பி எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன்.