ஒத்திகையில் எழுந்துபோன நோயாளி

அன்புள்ள கண்ணா,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்பளவில் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். நாள் முழுக்க ஆம்புலன்ஸ் நிலையத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஊராரின் அலறலைக் கேட்கிறவளுக்கு, பெற்ற பிள்ளையிடமாவது நிதானமாகப் பேச ஆசை இருக்காதா? அதோடு போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், காகிதத்தில் அது நடக்காது.

அக்கரையில் இருக்கும் உன் தங்கச்சிக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை என்று மாப்பிள்ளையின் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாளாம். அவள் தன் பெரியவளைப் பெற்றபோது ரத்தம் நிற்காமல் போய், பாலத்தைத் தாண்டி நம் கரைக்குக் கொண்டுவந்துதான் அவளைப் பிழைக்க வைத்தோம். அவள் நாட்டில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதையில் அரைநாள் போக வேண்டும், நம் ஆஸ்பத்திரியோ அவள் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே தெரிகிறது. முன்கூட்டியே இங்கே வந்து இரு என்று கெஞ்சினேன். கல்யாணத்தோடு அந்த நாட்டுக் குடிமகள் ஆகிவிட்டவளுக்கு இங்கே மூன்று நாள் தங்கத்தான் அனுமதி, தாய்வீடு என்பதற்கெல்லாம் இரண்டு நாடும் சேர்ந்த உங்கள் கூட்டமைப்பில் சலுகை இல்லை. பிள்ளை என்ன அனுமதிச் சீட்டைப் பார்த்துக்கொண்டா பிறக்கும்? அப்பாவோ, நம்ம பையன் அந்த ஆபீஸ்லயே உக்காந்திருக்கான், அவன்கிட்ட சொல்லி ஒரு சிறப்பு அனுமதி வாங்கினா என்ன என்று தினமும் நச்சரிக்கிறார். அவளிடம் கேட்டால், வேண்டாம்மா, இந்தக் கரையில என்னை மாதிரி எத்தனை பேர் இருக்காங்க, அவங்களுக்கெல்லாம் எந்த அண்ணன் இருக்கான் என்றாள். உன்னை அவள் விட்டுக்கொடுக்கவில்லை, அதுவும் உனக்குத் தெரியட்டும்.

பாலத்து விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன், நாற்காலி பெரிதானால் சில விஷயம் மறந்துபோகும். விதிப்படி அக்கரை ஆம்புலன்ஸ் பாலத்தின் நடுவில் எல்லைக்குப் போட்ட வெள்ளைக்கோட்டிலேயே நின்றுவிட வேண்டும், நோயாளியை இறக்கி நம் வண்டியில் ஏற்ற வேண்டும். அவர்கள் ஸ்ட்ரெச்சர் நம் வண்டிக்குள் சரியாக உட்காராது, அவர்கள் ஆக்சிஜன் குழாய் நம் சிலிண்டரில் பொருந்தாது. இரண்டு நாட்டுக்கும் ஒரே கொடி, ஒரே பாட்டு என்று செய்துகாட்டிய பெரிய மனிதர்களுக்கு இந்தக் குழாயை ஒன்றாக்க மனசு வரவில்லை, எங்கள் அளவுதான் சரி என்று இருவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். அதனால்தான் இங்கே நோயாளியை அசைக்காமல் டிரைவர்கள் மட்டும் இடம் மாறிக்கொள்கிறார்கள். அவர்கள் டிரைவர் இறங்குவார், நம் நெட்டை டிரைவர் அதே வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவருவார். இதற்கு எந்தத் தலைவரும் கையெழுத்துப் போடவில்லை, நானும் அக்கரைப் போன் அறையில் இருக்கிற அக்காவும் பேசிப் பேசி ஏற்படுத்தியது. அந்த அக்காவின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை, ஆனால் இருமலைக் கேட்டே அன்றைக்கு மாத்திரை போட்டாரா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

வருகிற மாதத்திலிருந்து இதெல்லாம் கிடையாதாம். எங்களுக்கு இடையே இருக்கும் நேர் லைனைத் துண்டிக்கிறார்கள். இனி அக்கா தன் தலைநகருக்குச் சொல்ல வேண்டும், அது நம் தலைநகருக்குச் சொல்லும், அது எனக்குச் சொல்லும். பாலத்தில் கேமரா வைத்துவிட்டார்கள், டிரைவர் இடம் மாறினால் வேலை போய்விடும். ஒருங்கிணைந்த அவசரச் சேவை என்று பெயர் வேறு. போன வாரம் அதற்கு ஒத்திகை நடந்தது. கையில் வேலையில்லாமல் இருந்த வரிவசூல் குமாஸ்தாவை நோயாளியாகப் படுக்கவைத்தார்கள், தொப்பைமேல் போர்வை நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. வண்டி கோட்டில் வந்து நின்றது. நான் ஜன்னல் வழியே வண்டியைப் பார்க்கிறேன், என் மேசையில் போன் ஊமையாகக் கிடக்கிறது. பார்க்கிறவர்களின் கண்முன்னால் வண்டி நிற்கிறது, ஆனால் எனக்குத் தகவல் வராததால் அது இன்னும் வரவில்லை என்று அர்த்தம். குமாஸ்தா தண்ணீர் கேட்டார், நோயாளி பேசக்கூடாது என்று அதிகாரி அதட்டினார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றி வைத்தார், இறங்கி நம் பக்கத்து டீக்கடைக்கு நடந்தார், சாவகாசமாக ஒரு டீ குடித்தார், திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் போன் அடிக்கவில்லை. ஒருவழியாக அடித்ததும் ஆளை நம் வண்டிக்கு மாற்றி ஏற்றினார்கள், பொருந்தாத குழாயைக் கையால் பிடித்தபடியே போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், நானும்தான் சிரித்தேன்.

உன் தங்கச்சி மாடியிலிருந்து அத்தனையும் பார்த்திருக்கிறாள். போனில் அவளும் சிரித்தாள், நிறுத்தவே இல்லை, பிறகுதான் அது அழுகை என்று எனக்குப் புரிந்தது. அம்மா, அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு, நான் எப்படிம்மா எந்திரிச்சுப் போவேன் என்றாள். அன்று சாயங்காலம்தான் உன் செய்தி வந்தது, ஒத்திகை வெற்றி, ஆபீசில் கேக் வெட்டினோம் என்று. அதைப் படித்து உன்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. உனக்கு வந்த தகவல் அப்படி, நீ என்ன செய்வாய்? ஆனால் இப்போது உனக்குத் தெரியும்.

எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணா. யார் போன் அடித்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். அக்காவும் நானும் சொந்த போன் நம்பரை ஒருவருக்கொருவர் கொடுத்துவைத்துக்கொண்டோம், உன் பொண்ணுக்கு வலின்னா முதல்ல உனக்குத்தான் அடிப்பேன், தலைநகருக்கு அப்புறம் அடிச்சுக்கறேன் என்றார் அக்கா. அவளுக்கு மட்டும் இல்லை, வலியோடு யார் வந்தாலும் அப்படித்தான் என்று பேசி வைத்திருக்கிறோம். நெட்டை டிரைவர், கேமராவுக்கு ஒரு சலாம் வச்சுட்டே ஏறிடறேன்மா என்கிறார். பிள்ளைகுட்டிக்காரர், அவர் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது, யார் கேட்டாலும் நான் சொல்லித்தான் செய்ததாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். ஆகவே ஒருநாள் என்மேல் ஒரு புகார் உன் ஆபீசுக்கு வரும். அம்மா என்று பரிந்து பேசி உன் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே, யாரோ என்று தலையைக் குனிந்தும் உட்காராதே. வண்டியில் படுத்திருந்தவர் பிழைத்தாரா என்று மட்டும் எல்லார் முன்னாலும் கேள், அது போதும்.

நீ நோய்நொடி இல்லாமல், மனசு கல்லாகாமல் நீடூழி வாழ வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் உன் தலைமேல் இருக்கிறது. குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள். இதைப் படித்து முடித்ததும் தங்கச்சிக்கு ஒரு போன் போடு, செருப்பு விஷயம் சொல்லிக் கேலி பண்ணு, சிரிப்பாள். ஒத்திகை வெற்றி என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
போனடியிலேயே உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா