பகல் நிறுவை

செவ்வாய், இரவு.

அப்பாடா, தப்பித்தேன். நாளைக்குத் தேயிலைத் தோட்டத்து மேனேஜர் தொரைக்கு முன்னால் என் போன் ஆப்பை ஓட்டிக் காட்டணும். ஒவ்வொரு தரமும் நிறுத்த கொழுந்து எத்தனை கிலோ என்று சாயந்திரம் பறித்தவங்க போனுக்கே ஒரு எஸ்எம்எஸ் போகும். நேற்று, கொழுந்து பறிக்கிற அம்மா தன் போனைப் பார்த்துவிட்டு, "சாயந்திரம் நிறுத்தது மட்டுந்தான் இருக்கு, மத்ததெல்லாம் எங்கடி?" என்றாள். கடைசி நிறை முந்தியதை அழித்திருந்தது.

காலையில் பதுளைக்குப் போய் ரிஸ்வானா மேடத்திடம் சொல்லிவிட்டேன். எங்களை மாதிரிப் புதுசாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு மேசை தந்து இன்கியூபேட்டரை நடத்துகிறவர். வெளியே போகச் சொல்வார் என்று பயந்தேன். "இத ஏன் தனியா வச்சிக்கிட்டு இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். ஊர்க் கம்ப்யூட்டர்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் உதவி கேட்டுப் போட்டார். பத்து மணிக்குள் பண்டாரவளையிலிருந்து சமிந்த லெப்டொப்போடு வந்துவிட்டான், தன் வேலையை அப்படியே போட்டுவிட்டு.

உட்கார்ந்ததும், "அக்கா, ஒரு நாளைக்கு எத்தன தரம் நிறுக்கிறது?" என்று கேட்டான்.

"ரெண்டு" என்றேன்.

"எதுக்கும் அம்மாகிட்ட கேளுங்க" என்றார் மேடம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மூணுடி! பகல் நிறுவைய மறந்துட்டியா?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நாலு மணிக்கு எல்லாம் சரியாகிவிட்டது. மூன்று நிறையும் வரிசையாக வருகிறது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் பார்த்ததெல்லாம் சாயந்திர நிறுவைதான். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள், தோட்ட வேலை எல்லாம் அத்துப்படி என்று எழுதிக் கொடுத்துத்தான் இன்கியூபேட்டரில் அந்த மேசையை வாங்கினேன்.